பாண்டிலேர்ந்து ஃப்ரான்ஸ் டிவி பாக்கறது எப்படி: ஆண்ட்ராய்டு பாக்ஸ் நெட்வொர்க் செட்டிங் முழு வழிகாட்டி

பாரிஸ்லேர்ந்து லீவுக்கு வர்றப்போ அங்க வீட்ல இருக்கற ஆப்பரேட்டர் டிவி பாக்ஸையே பெட்டில வச்சு தூக்கிட்டு வந்து இங்க லாஸ்பேட்டைலயோ முத்தியால்பேட்டைலயோ டிவில சொருகி பாக்கற பழக்கம் நம்ம ஊர்ல ரொம்ப நாளா இருக்கு. அது ஓடாதுங்க. அந்த பாக்ஸ் அந்த கம்பெனியோட சொந்த லைன்ல வர்ற சிக்னல மட்டும்தான் எடுக்கும், இங்க உள்ள ஃபைபர்ல சொருகினா ஆரம்ப ஸ்க்ரீன்லயே நின்னுடும். டிஎன்டி டீகோடர் கொண்டு வந்தாலும் அதே கததான், அது அங்க உள்ள ஏரியல் சிக்னலுக்காக செஞ்சது. அதனால இங்க நான் சொல்றதெல்லாம் கடைல கிடைக்கற ஆண்ட்ராய்டு டிவி பாக்ஸ், கூகுள் டிவி, இல்ல ஆண்ட்ராய்டு உள்ளயே வர்ற ஸ்மார்ட் டிவி, இதுக்கு மட்டும்தான்.

இன்னொன்னும் மொதல்லயே சொல்லிடறேன். நான் போய் பாத்த வீடுங்கள்ல பாதிக்கு மேல பிரச்சன விபிஎன்லயே, அதாவது நம்ம நெட்ட வேற நாடு வழியா சுத்தி அனுப்பற வசதிலயே இல்ல. வைஃபை வீக்கா இருக்கும், பாக்ஸ்ல தேதி தப்பா இருக்கும், எவனோ ஸ்டாட்டிக் ஐபி, அதாவது மாறாத நெட்வொர்க் நம்பர், போட்டு வச்சிருப்பான், இத எதையும் பாக்காம ஒரு விபிஎன் போய் இன்னொரு விபிஎன்னு காசு கட்டிட்டே இருப்பாங்க. அதனால வரிசையா போங்க. ஒயர், கடிகாரம், ஐபி, டிஎன்எஸ் (சைட் பேர நம்பரா மாத்தி தர்ற சர்வர்), ஆப், கடைசியாதான் விபிஎன். ஒரு ஸ்டெப் சரியாகாம அடுத்ததுக்கு தாவாதீங்க.

முதல்ல இது தேவையான்னு பாருங்க

டிவி ஃபைவ் மோந்து ப்ளஸ் ஆப் ஃப்ரீதான், இந்தியாலயே நேரா ஓடும், விபிஎன் வேணாம். ஃப்ரான்ஸ் 24ம் அப்படித்தான், யூட்யூப்லயே லைவ் இருக்கு. நியூஸும் ஒன்னு ரெண்டு சீரியலும் போதும்னா இதோட நிறுத்திக்கலாம், மீதி படிக்க வேண்டியதே இல்ல. ஃப்ரான்ஸ் 2 லைவ், டூர் த ஃப்ரான்ஸ், ரோலாண் காரோஸ், டிஎஃப் 1 ப்ளஸ்ல வர்ற ஷோ, இதெல்லாம் வேணும்னாதான் ஃப்ரான்ஸ் ஐபி வேணும், ஏன்னா ஒளிபரப்பு உரிமைய அவங்க நாட்டுக்கு நாடு தனியா வாங்கறாங்க.

டைமும் பாத்துக்குங்க. ராத்திரி எட்டு மணி நியூஸுக்குத்தான் எல்லாரும் ஆசைப்படுவாங்க, ஆனா அது நமக்கு அங்க குளிர்காலத்துல ராத்திரி 12.30, வெயில் காலத்துல 11.30. எழுபது வயசு சொல்தா (ஃப்ரெஞ்சு ராணுவத்துல இருந்த) பெரியப்பா யாரும் அதுவரைக்கும் முழிச்சிருக்க மாட்டாங்க. மதியம் ஒரு மணி நியூஸ்தான் நமக்கு தோது, குளிர்காலத்துல சாயங்காலம் 5.30, வெயில் காலத்துல 4.30, டீ குடிக்கற நேரம். மார்ச் கடைசி ஞாயித்துக்கிழமையும் அக்டோபர் கடைசி ஞாயித்துக்கிழமையும் அங்க கடிகாரத்த மாத்துவாங்க, அன்னிக்கு "நியூஸ் வரலயே"ன்னு ஃபோன் வந்தா செட்டிங்க நோண்டாதீங்க.

பாக்ஸ்

ரெண்டாயிரம் ரூபாய்க்கு பேரே தெரியாத பாக்ஸ் விக்கறாங்க பாருங்க, அத வாங்காதீங்க, இத நான் கண்டிப்பாவே சொல்றேன். இந்த மாதிரி சர்டிஃபிகேட் இல்லாத ஆண்ட்ராய்டு பாக்ஸ்ல கம்பெனிலேர்ந்தே வைரஸோட வர்றது கண்டுபிடிச்சு, 2025 ஜூன்ல அமெரிக்காவோட எஃப்பிஐயே பேட்பாக்ஸ் 2.0ன்னு பேர் சொல்லி எச்சரிக்கை விட்டுச்சு. உங்க வீட்டு லைன உங்களுக்கே தெரியாம வேற எவனோ யூஸ் பண்ணுவான். அது போக அந்த பாக்ஸ்ல வைட்வைன்ங்கற வீடியோ பூட்டோட எல்1 லெவல் இருக்காது, எல்3 மட்டும் இருக்கும், அப்படின்னா பல ஆப்ல எச்டியே வராது, எவ்ளோ ஸ்பீடு லைன் போட்டாலும் கலங்கலாத்தான் தெரியும். கூகுள் சர்டிஃபிகேட் இருக்கற ஏதாவது ஒன்னு வாங்குங்க, ப்ளே ஸ்டோர் ஒழுங்கா வரணும், முடிஞ்சா லேன் போர்ட் இருக்கணும்.

ஒயர்

ஊருக்குள்ள பழைய வீடுங்க, அதாவது ரூ துய்மா, ரூ ரொமேன் ரோலான் பக்கம் இருக்கற சுண்ணாம்பு செவுத்து வீடுங்க, செவுரு தடிமனுக்கு 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபை ஒரு ரூம் தாண்டாது. 2.4 தாண்டும், ஆனா பக்கத்து வீடு, மேல் வீடு எல்லார் வைஃபையும் அதே சேனல்ல இடிச்சிட்டு இருக்கும். லேன் கேபிள் இழுங்க. கேட் 5இ கேபிள் போதும், பாக்ஸ்ல 100 எம்பிபிஎஸ் போர்ட்தான் இருக்குன்னாலும் கவல இல்ல, எச்டி சேனலுக்கு 5 எம்பிபிஎஸ் இருந்தா தாராளம். குருசுக்குப்பம், வைத்திக்குப்பம் மாதிரி கடலோரமா இருக்கறவங்க கேபிள் முனைய அப்பப்ப கழட்டி பாருங்க, உப்புக் காத்துல அந்த உலோக கால் பச்ச புடிச்சிடும், லைட்டு எரியும் ஆனா டேட்டா விட்டு விட்டு வரும்.

கேபிள் இழுக்கவே முடியாதுன்னா ரௌட்டரும் பாக்ஸும் ஒரே ரூம்ல இருந்தா 5 கிகாஹெர்ட்ஸ், செவுரு நடுவுல இருந்தா 2.4, அவ்ளோதான் விதி. ரெண்டு வைஃபைக்கும் ஒரே பேர் வச்சிருந்தா தனித்தனி பேர் வைங்க, இல்லன்னா பாக்ஸ் தன் இஷ்டத்துக்கு தாவும்.

கடிகாரம்

இத யாரும் பாக்க மாட்டாங்க, ஆனா எனக்கு இதுதான் முக்கியமான ஸ்டெப். நெறைய பாக்ஸ்ல உள்ள பேட்டரி கிடையாது, கரண்ட் போய் வந்தா தேதி பழசுக்கு போயிடும், சிலது 1970க்கே போகும். அந்த நெலமைல எந்த ஆப்ப தொறந்தாலும் கனெக்ஷன் பாதுகாப்பா இல்லைன்னு வரும், காலாவதியான பாஸ்போர்ட்டோட ஏர்போர்ட் கவுன்டர்ல நிக்கற மாதிரிதான், ஏன்னா சைட்டோட சர்டிஃபிகேட் தேதிய பாக்ஸ் தன் தேதியோட ஒப்பிட்டு பாக்கும்.

செட்டிங்ஸ், சிஸ்டம், தேதி நேரம் போய் ஆட்டோமேட்டிக், நெட்வொர்க் டைம்னு இருக்கறத ஆன் பண்ணுங்க. டைம் ஸோன் இந்தியாவே இருக்கட்டும், பாரிஸ்னு மாத்தாதீங்க, நாட்ட கண்டுபிடிக்கறது முக்கியமா ஐபிய வச்சுதான், ஸோன மாத்தினா உங்களுக்குத்தான் டைம் குழம்பும்.

வயர்கார்டுன்னு ஒரு வகை விபிஎன் (கீழ சொல்றேன்) யூஸ் பண்றவங்களுக்கு இதுல இன்னொரு வில்லங்கம் இருக்கு. வயர்கார்டு ஒவ்வொரு தடவ கைகுலுக்கறப்பவும் நேரத்த சேத்து அனுப்பும், அந்தப்பக்கம் இருக்கற சர்வர் போன தடவ வந்த நேரத்த ஞாபகம் வச்சிருக்கும், அதவிட பழைய நேரத்தோட வந்தா பேசாம தூக்கி போட்டுடும். அதாவது இங்க கரண்ட் போய் கடிகாரம் பின்னால போச்சுன்னா ஃப்ரான்ஸ் பக்கம் கதவ தொறக்காது, எரர் மெசேஜும் வராது. அதனால பாக்ஸ் ஆன் ஆனதும் நேரம் சரியாகற வரைக்கும் ஒரு நிமிஷம் விட்டுட்டு அப்பறம் விபிஎன் ஆன் பண்ணுங்க. ரௌட்டருக்கு ஒரு சின்ன யூபிஎஸ் போட்டா இன்னும் நல்லது, இல்லன்னா கரண்ட் வந்த உடனே பாக்ஸ் முந்திக்கும், ரௌட்டர் இன்னும் லைன் புடிச்சிருக்காது, நேரம் எடுக்க வழி இருக்காது.

ஐபி, டிஎன்எஸ்

டிஎச்சிபில விடுங்க. ரௌட்டரே நம்பர் குடுக்கும், தொண்ணூறு சதவீதம் வீட்டுக்கு அதுவே போதும். ஸ்டாட்டிக் போட்டே ஆகணும்னா நெட்வொர்க் செட்டிங்ல ஐபி செட்டிங்ஸ போய் ஸ்டாட்டிக் எடுத்து, ரௌட்டர் 192.168.1.1னா பாக்ஸுக்கு 192.168.1.200 மாதிரி தள்ளி ஒரு நம்பர், கேட்வே 192.168.1.1, ப்ரிஃபிக்ஸ் லென்த் 24, டிஎன்எஸ் ஒன்னுக்கு 1.1.1.1, ரெண்டுக்கு 8.8.8.8. ரௌட்டரோட டிஎச்சிபி குடுக்கற ரேஞ்சுக்குள்ள அந்த நம்பர் வரக்கூடாது, வந்தா பேரனோட ஃபோனும் டிவியும் ஒரே நம்பருக்கு அடிச்சுக்கும், ரெண்டும் மாத்தி மாத்தி கட்டாகும்.

டிஎன்எஸ் மாத்தினா ஃப்ரான்ஸ் சேனல் வரும்னு ஒரு பேச்சு ஓடிட்டு இருக்கு. வராது. 8.8.8.8 போட்டா சைட் பேர கண்டுபிடிக்கறது கொஞ்சம் வேகமாகலாம், லோக்கல் கம்பெனி டிஎன்எஸ் படுத்தா தப்பிக்கலாம், ஆனா உங்க ஐபி இந்தியா ஐபிதான். நாடு மாறணும்னா ட்ராஃபிக்கே அந்த நாடு வழியா போயாகணும்.

ஆப் எடுக்கறது

இந்தியா கூகுள் அக்கவுண்ட்ல தேடினா பல ஃப்ரெஞ்சு ஆப் லிஸ்ட்லயே வராது. உடனே அக்கவுண்ட்டோட நாட்ட மாத்திடாதீங்க, கூகுள் ப்ளேல நாட்ட வருஷத்துக்கு ஒரு தடவதான் மாத்த முடியும், அதுக்கும் அந்த நாட்டு கார்டு கேக்கும், மாத்திட்டீங்கன்னா இங்க இருக்கற பேலன்ஸ் அங்க யூஸ் பண்ண முடியாது. அதுக்கு பதிலா ஃப்ரான்ஸ்ல இருக்கற பொண்ணையோ தம்பியையோ அங்கேயே இருந்து டிவிக்குன்னு ஒரு புது அக்கவுண்ட் ஆரம்பிச்சு தர சொல்லுங்க. பாக்ஸ்ல ரெண்டாவது அக்கவுண்ட்டா அத சேத்துட்டு, ப்ளே ஸ்டோர்ல அதுக்கு மாறி ஆப் இறக்கிக்கலாம். ஏபிகே ஃபைல் எங்கேயோ இருந்து எடுத்து போடற வேலையெல்லாம் வேணாம்.

இப்ப விபிஎன்

காசு குடுத்து வாங்கற விபிஎன் ஏன் அடிக்கடி மாட்டுதுன்னா, அவங்க சர்வர் எல்லாம் டேட்டா சென்டர்ல இருக்கு, அந்த ஐபி லிஸ்ட் டிவி கம்பெனிங்ககிட்ட இருக்கு, ஒரே ஐபிலேர்ந்து ஆயிரம் பேர் வந்தா அடைச்சிடறாங்க. ஃப்ரீ விபிஎன் பத்தி பேசவே வேணாம். ஆனா நம்ம ஊருக்கு ஒரு வசதி இருக்கு, வேற ஊருக்காரங்களுக்கு அவ்ளோ சுலபமா அமையாதது: 1962ல குடியுரிமை எடுத்த குடும்பத்துல ஆரம்பிச்சு இன்னிக்கு வரைக்கும் ஏறக்குறைய எல்லா தெருவுலயும் ஒரு வீட்டுக்கு ஃப்ரான்ஸ்ல ஒரு சொந்தம் இருக்கு. அக்கா வீட்டு ஃபைபர் லைன் வழியா போனா அது சாதாரண வீட்டு ஐபி, அங்க சோஃபால உக்காந்து பாக்கற மாதிரியே தெரியும். என் ஓட்டு எப்பவும் இதுக்குத்தான்.

அதுக்கு முன்னாடி அக்காகிட்ட ஒரு விஷயம் கேளுங்க: அப்லோட் ஸ்பீடு எவ்ளோ? நீங்க டவுன்லோட் பண்றது அவங்களுக்கு அப்லோட். பழைய ஏடிஎஸ்எல் லைன்னா 1 எம்பிபிஎஸ் சுத்தி இருக்கும், எச்டி வராது, அந்த திட்டத்த அங்கேயே விட்டுடுங்க. ஃபைபர்னா கவலையே இல்ல.

சுலபமான வழி டெய்ல்ஸ்கேல், ரெண்டு வீட்டு மெஷினையும் இணைக்கற ஒரு விபிஎன் ஆப். அக்கா வீட்ல ஒரு ஆப்பிள் டிவி, ஆண்ட்ராய்டு பாக்ஸ், பழைய லேப்டாப், ராஸ்பெர்ரி பை, ஏதோ ஒன்னு எப்பவும் ஆன்ல இருக்கணும். அதுல டெய்ல்ஸ்கேல் போட்டு எக்ஸிட் நோடா, அதாவது உங்க ட்ராஃபிக் வெளிய போற வாசலா, ஓட விட சொல்லுங்க, அப்பறம் அட்மின் பேஜ்ல போய் அந்த மெஷின எக்ஸிட் நோடுக்கு அனுமதி குடுக்கணும், இத மறந்துட்டுத்தான் பாதி பேர் "லிஸ்ட்ல வரலயே"ன்னு கேப்பாங்க. இங்க உங்க பாக்ஸ்ல அதே அக்கவுண்ட்ல லாகின் பண்ணி எக்ஸிட் நோடுன்னு தேடி அக்கா வீட்ட செலக்ட் பண்ணுங்க. ரௌட்டர்ல போர்ட் தொறக்கற வேலை எதுவும் இல்ல. ரெண்டு மெஷினுக்கும் கீ எக்ஸ்பைரிய அட்மின் பேஜ்லயே டிசேபிள் பண்ணிடுங்க, அது சும்மா விட்டா 180 நாள்ல காலாவதி ஆகும், ஆறு மாசம் நல்லா ஓடிட்டு திடீர்னு ஒரு நாள் நின்னா காரணம் இதுதான், அன்னிக்கு பாத்து அக்கா வீட்ல யாரும் இருக்க மாட்டாங்க. படம் சுத்திட்டே இருந்தா கனெக்ஷன் டைரக்டா இல்ல ரிலே (நடுவுல இருக்கற டெய்ல்ஸ்கேல் சர்வர்) வழியான்னு பாருங்க, ரிலேன்னா ஸ்பீடு வராது, அக்கா வீட்டு ரௌட்டர்ல யூபிஎன்பி (தானா போர்ட் தொறக்கற வசதி) ஆன் பண்ணா பெரும்பாலும் டைரக்ட் ஆயிடும்.

ரெண்டாவது வழி வயர்கார்டு, கொஞ்சம் கைவேலை. அக்கா வீட்ல ஃப்ரீபாக்ஸ் (ஃப்ரீங்கற ஃப்ரெஞ்சு நெட் கம்பெனியோட பாக்ஸ்) இருந்தா அதுக்குள்ளயே விபிஎன் சர்வர் இருக்கு, தனியா எதுவும் வாங்க வேணாம். ஃப்ரீபாக்ஸ் ஓஎஸ்ல உள்ள போய் செட்டிங்ஸ், அட்வான்ஸ்டு மோடு, விபிஎன் சர்வர்னு போய் வயர்கார்ட ஆன் பண்ணி, யூஸர் ஒன்னு சேத்து, அந்த கான்ஃபிக் ஃபைல இறக்கி அனுப்ப சொல்லுங்க. மத்த கம்பெனி பாக்ஸ் எல்லாத்துலயும் இது கிடையாது, அவங்க டெய்ல்ஸ்கேல்லயே நிக்கலாம். ஃப்ரீ கம்பெனில பல வீட்டுக்கு ஒரு ஐபிவி4 நம்பர பல பேருக்கு பங்கு போட்டு குடுத்திருப்பாங்க, சந்தாதாரர் பக்கத்துல போய் ஃபுல் ஸ்டாக் ஐபிவி4 கேட்டா தனியா குடுப்பாங்க, கேட்டுட்டு பாக்ஸ ரீஸ்டார்ட் பண்ணணும்.

அந்த ஃபைல பென் ட்ரைவ்ல போட்டு இங்க டிவி பாக்ஸ்ல சொருகி வயர்கார்டு ஆப்ல இம்போர்ட் பண்ணுங்க. ஃபைல் பேர் இங்கிலீஷ்ல, 15 எழுத்துக்குள்ள, ஸ்பேஸ் இல்லாம இருக்கணும், இல்லன்னா பேர் சரியில்லன்னு தள்ளிடும். இம்போர்ட்டுக்கு முன்னாடி ஃபைல கம்ப்யூட்டர்ல நோட்பேட்ல தொறந்து மூணு லைன பாத்துடுங்க.

ஒன்னு, அலவுட் ஐபி லைன். 0.0.0.0/0 இருக்கும், பக்கத்துல கமா போட்டு ::/0 இருக்கான்னு பாருங்க, இல்லன்னா சேருங்க. நம்ம ஊர் ஃபைபர் லைன் பலதுல ஐபிவி6 வருது. விபிஎன் ஐபிவி4 மட்டும் புடிச்சிட்டு ஐபிவி6 வெளிய நேரா போனா, ஆப்புக்கு நீங்க பாண்டில இருக்கறது பளிச்சுனு தெரிஞ்சிடும். விபிஎன் கனெக்டட்னு பச்சையா காட்டுது, ஆனா ஆப் மட்டும் "உங்க நாட்டுல கிடையாது"ன்னு சொல்லுதா, மொதல்ல இத பாருங்க. ரௌட்டர்லயே ஐபிவி6 ஆஃப் பண்ணாலும் சரியாகும்.

ரெண்டு, எம்டியூ, அதாவது ஒரு பொட்டலத்துல போற டேட்டாவோட அதிகபட்ச அளவு. இதுக்கு லைன் இல்லாமலும் இருக்கலாம், வேணும்னா நீங்களே இன்டர்ஃபேஸ் பகுதில சேக்கலாம். சாதா லைன் 1500, பிபிபிஓஇ லாகின் (ரௌட்டர்லயே யூஸர் பேர், பாஸ்வேர்டு) போட்ட லைன்னா 1492, அதுல வயர்கார்டோட சொந்த சுமை 80 வரைக்கும் போகும். ஃபைல்ல 1420 போட்டிருந்தா இந்த லைனுக்கு கொஞ்சம் பெருசு, லைனே இல்லன்னா ஆண்ட்ராய்டு ஆப் தானாவே 1280 எடுத்துக்கும். மெனு வருது, போஸ்டர் படம் கூட வருது, ப்ளே அழுத்தினா சுத்திட்டே இருக்கு, இப்படி ஒரு வியாதி இருந்தா எம்டியூவ 1412 போட்டு பாருங்க, ஆகலன்னா 1380, கடைசியா 1280. 1280லயும் ஆகலன்னா பிரச்சன வேற எங்கயோ.

மூணு, டிஎன்எஸ் லைன். அதுல அக்கா வீட்டு பாக்ஸோட உள் நம்பர் இருக்கலாம், உங்க வீட்டு ரௌட்டரும் அதே 192.168.1 வரிசைல இருந்து குழப்பினா பேசாம 1.1.1.1 போட்டுடுங்க. கூடவே பெர்சிஸ்டன்ட் கீப்அலைவ் 25னு பியர் பகுதில ஒரு லைன், நம்ம ஊர் நெட் கம்பெனிங்க நடுவுல கனெக்ஷன மறக்காம இருக்க.

ஒரு முக்கியமான விஷயம், விபிஎன் ஆன்ல இருக்கறப்போ தமிழ் ஆப்புக்கும் நீங்க ஃப்ரான்ஸ்ல இருக்கற மாதிரித்தான் தெரியும். ஜியோஹாட்ஸ்டார் ஓடலன்னு வீட்ல சத்தம் வரும். டெய்ல்ஸ்கேல்லயும் வயர்கார்டுலயும் எந்த ஆப் மட்டும் விபிஎன் வழியா போகணும்னு பிரிக்கற வசதி ஆண்ட்ராய்டுல இருக்கு. அது தலவலின்னா ரிமோட்ல ஆன் ஆஃப் பண்றத வீட்ல பெரியவங்களுக்கு கத்து குடுத்துடுங்க, மதியம் நாலு மணிக்கு ஆன், சீரியலுக்கு முன்னாடி ஆஃப்.

எல்லாம் சரி, இன்னும் சுத்துது

மொதல்ல விபிஎன் இல்லாம ஸ்பீடு டெஸ்ட், அப்பறம் விபிஎன் போட்டு. போட்டப்போ 8 எம்பிபிஎஸுக்கு மேல நிலையா வந்தா எச்டி ஓடும். பிங் 150, 200 மில்லி செகண்ட் காட்டினா பயப்படாதீங்க, டிவிக்கு அது பெரிய விஷயம் இல்ல, ஆரம்பிக்க ரெண்டு செகண்ட் கூட ஆகும், அவ்ளோதான். நம்ம டேட்டா சென்னையோ மும்பையோ போய் கடலுக்கு அடில செங்கடல், எகிப்து வழியா மார்செய்ல கரை ஏறுது. சீ-மீ-வீ 4 கேபிள் அந்த ரூட்தான், சென்னையும் மார்செய்யும் ரெண்டுமே அதுல உண்டு. 2025 செப்டம்பர்ல ஜெட்டா பக்கம் அந்த கேபிளும் ஐஎம்இவீங்கற இன்னொரு கேபிளும் அறுந்துச்சு, அந்த மாதிரி நேரத்துல ட்ராஃபிக் சுத்தி வரும், சாயங்காலம் படம் திக்கும், உங்க பாக்ஸ்ல எந்த செட்டிங்க மாத்தினாலும் ஒன்னும் ஆகாது. நியூஸ்ல கேபிள் கட்டுன்னு வந்தா க்வாலிட்டிய 720க்கு இறக்கிட்டு பொறுமையா இருங்க.

டேட்டா கணக்கும் வேணும்னா, 5 எம்பிபிஎஸ்ல ஓடினா ஒரு மணி நேரத்துக்கு 2.25 ஜிபி. ஃபைபர்ல தெரியாது, ஃபோன் ஹாட்ஸ்பாட்ல போட்டா மத்தியானத்துக்குள்ள அன்னிக்கு டேட்டா காலி.

சட்டம், நாணயம்

இந்தியால விபிஎன் யூஸ் பண்றது தடை இல்ல. 2022ல செர்ட்-இன் (இந்திய அரசோட சைபர் பாதுகாப்பு அமைப்பு) போட்ட உத்தரவுல விபிஎன் கம்பெனி கஸ்டமர் விவரத்த 5 வருஷம் வச்சிருக்கணும்னு சொன்னாங்க, அதுக்கப்பறம்தான் பெரிய கம்பெனி பலதும் இந்தியால இருந்த சர்வர எடுத்துட்டு போச்சு. ஆனா டிவி ஆப்போட விதிமுறைல வெளிநாட்லேர்ந்து பாக்கக் கூடாதுன்னு இருக்கலாம், அக்கவுண்ட்ட முடக்க அவங்களுக்கு உரிமை உண்டு, அது தெரிஞ்சு செய்யுங்க.

அக்கா வீட்டு லைன் விஷயத்துல மட்டும் கண்டிப்பா இருங்க. அந்த லைன் வழியா நீங்க என்ன பண்ணாலும் அது அக்கா பண்ண மாதிரி. டோரன்ட்ல படம் இறக்கினா அங்க ஆர்கோம்ங்கற அரசு அமைப்புலேர்ந்து வர்ற எச்சரிக்கை கடிதம் லைன் யார் பேர்ல இருக்கோ அவங்களுக்குத்தான் போகும். அதனால வீட்டு பசங்க ஃபோன்ல அந்த விபிஎன போட்டு குடுக்காதீங்க, டிவி பாக்ஸ்ல மட்டும். மாசம் ஐநூறு ரூபாய்க்கு ஆயிரம் சேனல்னு விக்கறவன்கிட்டயும் போகாதீங்க, அது திருட்டு சிக்னல், ஒரு நாள் மேட்ச் நடுவுல மறைஞ்சிடும், கேக்க ஆள் இருக்காது.

அங்க இருக்கறவங்க இங்க உள்ளத பாக்க

இதையே திருப்பிப் போட்டு, பாரிஸ் பக்கம் சார்செல்ல இருக்கற தம்பி பாண்டி வீட்டு லைன் வழியா பாக்கணும்னு கேப்பாங்க. மொதல்ல சன் நெக்ஸ்ட் மாதிரி வெளிநாட்டுக்கே தனி சந்தா குடுக்கறத பாக்க சொல்லுங்க, அது நேரா ஓடும். அதுக்கப்பறமும் வேணும்னா இங்க வயர்கார்டு சர்வர் வைக்கறது கஷ்டம், ஏன்னா நம்ம நெட் கம்பெனி பலதும் சிஜிநாட், அதாவது ஒரே பப்ளிக் ஐபிய பல வீட்டுக்கு பங்கு போடற முறைக்கு பின்னாடிதான் லைன் குடுக்குது, வெளிலேர்ந்து உங்க ரௌட்டருக்கு வர வழியே இல்ல. ரௌட்டர்ல வான் ஐபி (ரௌட்டரோட வெளிப்பக்க நம்பர்) பாருங்க, 100.64லேர்ந்து 100.127 வரைக்கும் ஏதாவது ஒன்னுல ஆரம்பிச்சா அதுதான். அந்த மாதிரி லைன்ல டெய்ல்ஸ்கேல் மாதிரி ஒன்னு காசில்லாம ஓடும், இல்லன்னா கம்பெனிகிட்ட கூடுதலா கட்டி ஸ்டாட்டிக் பப்ளிக் ஐபி வாங்கணும். வாங்கறதுக்கு முன்னாடி இங்க வீட்ல அந்த பாக்ஸ ராத்திரி ஸ்விட்ச் ஆஃப் பண்ண மாட்டேன்னு அம்மாகிட்ட வாக்கு வாங்கிக்குங்க, நம்ம வீடுங்கள்ல அதுதான் மொதல்ல உடையற இடம்.